நோயாளியிடமிருந்து தொடங்கும் பாடம்: மருத்துவ மாணவர்கள் உடலியங்கியல் கற்க ஒரு வழி

 

தமிழ்நாட்டில் 2007 இல் நமக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் மருத்துவக் கல்லூரியின் கதவைப் பல எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உள்ளே நுழைவது ஒரு கட்டம். முதலாண்டைத் தாண்டுவது இன்னொரு கட்டம். இந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சீட்டுக் கிடைத்த அன்று தெருவே கூடி வாழ்த்துகிறது. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை விடுதி அறையில் தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருப்பது வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை.

முதலாண்டில் மூன்று பாடங்கள். உடற்கூறு, அதாவது அனாட்டமி. உடலியங்கியல், அதாவது பிசியாலஜி. உயிர்வேதியியல், அதாவது பயோகெமிஸ்ட்ரி. உறுப்பு எங்கே இருக்கிறது என்று முதல் பாடம் சொல்லும். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று இரண்டாவது பாடம் சொல்லும். இந்த "ஏன்" என்பதில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலும் நீட் தேர்விலும் கைகொடுத்த மனப்பாடம் இங்கே பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. ஆயிரம் பக்கத்தை மனனம் செய்தாலும், வாய்மொழித் தேர்வில் பேராசிரியர், "இந்த நோயாளிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் நா எழுவதில்லை.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பாடத்தைப் படித்துவிட்டு நோயாளியைத் தேடாமல், நோயாளியிடமிருந்து பாடத்துக்குள் போவது. கனடா நாட்டின் ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969 இல் தன் மருத்துவப் படிப்பையே இந்த அடிப்படையில் தொடங்கியது. நம் நாட்டிலும் 2019 இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் வந்து, முதலாண்டிலேயே நோயாளியைக் காணும் பயிற்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது தேர்வுக்கும் உதவும், பிறகு வரும் வாழ்க்கைக்கும் உதவும். அந்த முறையை இந்த இதழில் மூன்று நோயாளிகளை வைத்துப் பார்ப்போம். மூவரும் பாடத்துக்காக அமைத்துக்கொண்டவர்கள். நம் ஊரில் யாரையும் குறிப்பவர்கள் அல்லர். வீட்டில் உள்ள பெரியவர்களும் சேர்ந்தே படியுங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

மூன்று கேள்விகள்

ஒரு நோயாளியின் விவரம் கையில் வந்ததும் வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: எது கெட்டுப்போனது?

இரண்டாவது கட்டம்: அதைச் சமாளிக்க உடல் என்ன செய்கிறது?

மூன்றாவது கட்டம்: சிகிச்சை எந்த இடத்தில் கை வைக்கிறது?

இவற்றில் இரண்டாவதுதான் உடலியங்கியலின் உயிர். நோயாளி சொல்லும் தொல்லைகளில் பாதி, நோய் நேரடியாகக் கொடுத்தவை அல்ல. உடல் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடும்போது வெளியே தெரியும் அடையாளங்கள் அவை. எது நோய், எது உடலின் போராட்டம் என்று பிரித்தறியத் தெரிந்த மாணவனுக்குப் பாடம் தானாக மனத்தில் நிற்கும்.

முதல் நோயாளி: வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தை

மூன்று வயதுக் குழந்தை. நேற்று இரவிலிருந்து தண்ணீராகப் போகிறது, இரண்டு முறை வாந்தி. கண்கள் குழி விழுந்திருக்கின்றன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வருகிறது. நாடி வேகமாக ஓடுகிறது. கைகால் சில்லிட்டிருக்கிறது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது.

எது கெட்டுப்போனது? வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் வருகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதி எல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர். இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு 100 முதல் 200 மில்லி அளவை மட்டும் மலத்தோடு வெளியே விடுகிறது. கிருமியின் நஞ்சு இந்தக் கணக்கைக் குலைக்கிறது. குடல் சுவரிலிருந்து உப்பும் நீரும் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. உறிஞ்சுவது குறைகிறது. ரத்தத்தின் அளவு இறங்குகிறது.

உடல் என்ன செய்கிறது? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தது என்று அவை மூளைக்குச் சொல்கின்றன. உடனே இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கித் தருகின்றன. கைகால் சில்லிட்டது அதனால்தான். சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்க, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின், பிறகு ஆல்டோஸ்டிரோன் என்று ஒரு சங்கிலி ஓடுகிறது. அந்தச் சங்கிலியின் கட்டளை ஒன்றே ஒன்று: உப்பை விடாதே, நீரை விடாதே. காலையிலிருந்து சிறுநீர் போகாததற்கு இதுவே காரணம். தாகமும் அதே கட்டளையின் ஒரு பகுதி. பார்த்தீர்களா, வேகமான நாடி, சில்லிட்ட கை, நின்றுபோன சிறுநீர், தாகம் என்று நாம் தனித்தனியாக மனப்பாடம் செய்த நான்கு குறிகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

சிகிச்சை எங்கே கை வைக்கிறது? கிருமி குடலின் பல வழிகளைக் கெடுத்தாலும் ஒரு வழி பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால் மட்டும் திறக்கும் வாசல் அது. ஒரு குளுக்கோஸ் உள்ளே போகும்போது இரண்டு சோடியம் கூடவே போகும். அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். இதை ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960 இல் விளக்கினார். உப்பு சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை இருப்பது குழந்தைக்குத் தெம்பு கொடுக்க என்றே பலரும் நினைக்கிறோம். அது உப்பை உள்ளே அழைத்துப் போகும் துணை.

1971 இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் அகதிகளிடையே காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து பொட்டலமாக்கி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே கையில் டம்ளரை எடுத்து ஊட்டினார்கள். அங்கே 30 விழுக்காடு வரை இருந்த மரணம் 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. குடல் சுவரில் உள்ள ஒரு சின்ன வாசலைப் பற்றிய அறிவு எத்தனை உயிரைக் காத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டாருக்கு: பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு. சின்னது 200 மில்லிக்கு. பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இனிப்பு அதிகமானால் குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து, போக்கைக் கூட்டிவிடும். கடை கூல்டிரிங்ஸ் ஆகாது என்பது இதனால்தான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். குழந்தை மயங்கிக் கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் ரத்தம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை.

இரண்டாவது நோயாளி: வேகமாக மூச்சு விடும் பையன்

பதினைந்து வயது. ஒரு மாதமாக உடம்பு இளைக்கிறது. இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். இரண்டு நாளாக வயிற்று வலி, வாந்தி. இன்று ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறான். மூச்சில் பழம் அழுகியது போல ஒரு வாடை. வீட்டில் ஆஸ்துமா என்று நினைத்தார்கள். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தால் நுரையீரல் தெளிவாக இருக்கிறது. ரத்தச் சர்க்கரை 480.

எது கெட்டுப்போனது? கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. இன்சுலின் இல்லாவிட்டால் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸைப் போதுமான அளவு உள்ளே எடுக்க முடியாது. கல்லீரலோ, உடல் பட்டினி கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு மேலும் மேலும் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாது. அது சிறுநீரில் வழியும்; போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர் அதிகமானது இதனால். தாகம் அதன் பின்விளைவு.

அடுத்தது கொழுப்பு. எரிபொருள் இல்லாமல் தவிக்கும் உடல் கொழுப்பைக் கரைக்கிறது. கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. அவை அமிலத்தன்மை உள்ளவை. ரத்தத்தின் அமில காரச் சமநிலை 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். அமிலம் கூடினால் அது இறங்கும்.

உடல் என்ன செய்கிறது? நாம் வெளியே விடும் கரியமில வாயு, ரத்தத்தில் இருக்கும்போது அமிலமாகவே நடந்துகொள்கிறது. அதை அதிகமாக வெளியேற்றினால் ரத்தத்தின் அமிலச் சுமை கொஞ்சம் குறையும். ஆகவே மூளை கட்டளையிடுகிறது: ஆழமாக, வேகமாக மூச்சு விடு. அந்தப் பையனின் நுரையீரலுக்கு ஒரு நோயும் இல்லை. அவன் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மூச்சுதான். மூச்சு வாங்குகிறதே என்று அதை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் என்னவாகும்? இதைப் புரிந்துகொண்ட மாணவன் அந்தத் தவறை ஒருநாளும் செய்யமாட்டான்.

சிகிச்சை: இழந்த நீரை ஈடுசெய்வது, இன்சுலின் கொடுப்பது, பொட்டாசியத்தைக் கண்காணிப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். இந்தப் பையனின் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாகவோ கூடுதலாகவோ காட்டலாம். ஆனால் செல்களுக்குள் இருந்த பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. உடலின் மொத்தக் கையிருப்பு குறைந்துவிட்டது. இன்சுலின் ஏறியதும் மிச்சம் இருப்பதும் செல்களுக்குள் திரும்பிப் போகும்; ரத்தத்தில் அளவு சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கடைக் கல்லாவில் பணம் நிறைய இருக்கிறது என்பதால் கடன் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அறிக்கையில் உள்ள எண்ணை உடலின் மொத்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணையும் சொல்லாது.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. மருந்தை மேலும் தூய்மைப்படுத்தி, பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்தபோது சர்க்கரையும் கீட்டோனும் இறங்கின. அதற்கு முன்பு இந்த நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள்.

வீட்டாருக்கு: இன்சுலின் போடும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து சாப்பிடவில்லை என்றால், "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலின்போது உடலுக்கு இன்சுலின் தேவை கூடவும் செய்யலாம். மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றுங்கள்.

மூன்றாவது நோயாளி: மூன்று தலையணை வைத்துத் தூங்கும் நன்னி

அறுபத்தெட்டு வயது. நான்கு ஆண்டுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. இப்போது மாலையானால் கால் வீங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார்கள். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து சன்னலைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எது கெட்டுப்போனது? ஆரோக்கியமான இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி வடுவாகிவிட்டதால் நன்னியின் இதயம் அவ்வளவு தள்ளுவதில்லை.

உடல் என்ன செய்கிறது? இங்கேதான் உடலியங்கியலின் மிகப் பெரிய பாடம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. ஏன் குறைந்தது என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கில் நீர் போனதா, விபத்தில் ரத்தம் போனதா, இதயம் பலவீனமானதா என்று அதனால் பிரித்தறிய முடியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: ரத்தம் குறைந்தால் ரெனினைச் சுரந்து, உப்பையும் நீரையும் பிடித்து வை. முதல் நோயாளியான குழந்தையைக் காத்தது எந்தச் சங்கிலியோ, அதே சங்கிலி இங்கே நன்னியை மூச்சுத் திணற வைக்கிறது. நீர் குறைவே இல்லாத உடலில் மேலும் மேலும் நீர் சேர்கிறது. பகலில் அது கால்களில் இறங்கி வீக்கமாகிறது. இரவு படுத்ததும் கால்களில் தேங்கியது திரும்ப மேலே வந்து நுரையீரலில் நெருக்குகிறது. தலையணை மூன்றானதன் காரணம் இதுதான்.

புத்தகத்தில் ரெனின் சங்கிலி ஒரு அத்தியாயத்தில் இருக்கும். வயிற்றுப்போக்கு வேறொரு அத்தியாயத்தில். இதயச் செயலிழப்பு இன்னொரு அத்தியாயத்தில். மூன்றையும் தனித்தனியாக மனனம் செய்பவருக்கு மூன்று சுமை. குழந்தையையும் நன்னியையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே பாடம். உடலின் விதி ஒன்று. அது காப்பாற்றுவதும் கெடுப்பதும் சூழ்நிலையைப் பொறுத்தது.

சிகிச்சை எங்கே கை வைக்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை ஒன்று; ரெனின் சங்கிலியை நடுவில் அறுக்கும் மாத்திரை இன்னொன்று; உணவில் உப்பைக் குறைப்பது மூன்றாவது.

வீட்டாருக்கு: கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பு நன்னியின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். 1 லிட்டர் நீர் என்பது 1 கிலோ எடை. ஆகவே தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை அல்ல, நீர். மூச்சு முட்டும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோயாளி ஓர் அமானிதம்

நோயாளியைக் கவனித்து உடலை அறியும் வழக்கம் பழமையானது. இன்றைய தெஹ்ரானுக்கு அருகில் உள்ள ரய் நகரில் பிறந்து, அங்கேயும் பாக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அர்ராஸி, தான் பார்த்த நோயாளிகளின் விவரங்களை வாழ்நாள் முழுவதும் குறித்து வந்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தக் குறிப்புகள் தொகுக்கப்பட்டதே "அல்ஹாவி" என்ற பெருநூல்.

இன்னொரு நிகழ்ச்சியையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பைக்குள் திறந்த துளை மூடவே இல்லை. அந்தத் துளை வழியாக உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பல ஆண்டுகள் சோதித்தார் போமான்ட். இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பது இந்த ஒரு மனிதரிடம் உறுதிப்பட்டது; கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் இவரிடம் கண்டார்கள். 1833 இல் அது நூலாக வெளிவந்தது.

அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது? எழுதப் படிக்கத் தெரியாத ஏழை அவர். மருத்துவருக்கு வேலைக்காரராகவும் சோதனைப் பொருளாகவும் காலம் கழித்தார். பலமுறை விட்டு விலகி ஊருக்கே போய்விட்டார். 1880 இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டுவிடக் கூடாது என்று குடும்பத்தார் வேண்டுமென்றே அது அழுகும்வரை வைத்திருந்து ஆழமான குழியில் அடக்கம் செய்தார்கள். அறிவு வளர்ந்தது உண்மை. அந்தக் குடும்பத்தின் மனக்காயமும் உண்மை.

ஆகவே மாணவச் செல்வங்களே, "நல்ல கேஸ் ஒன்று வந்திருக்கிறது" என்று சொல்லும்போது அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் ஒருவருடைய வாப்பா, ஒருவருடைய உம்மா என்பதை மறக்காதீர்கள். ஸலாமோ வணக்கமோ சொல்லி, பெயர் கேட்டு, அனுமதி பெற்றுப் பேசுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். நோயாளியைப் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போடாதீர்கள். அவர் தன் உடலின் இரகசியத்தை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். அது அமானிதம்.

படிக்கும் முறை

1. அத்தியாயத்தைத் திறக்கும் முன்பு அதற்குரிய ஒரு நோயாளி விவரத்தை வாசியுங்கள். தெரிந்தவரை மூன்று கட்டங்களையும் நிரப்புங்கள். தவறாக எழுதினாலும் பரவாயில்லை. விடை தேடும் மனத்தோடு படிப்பது ஒட்டும்.

2. பிறகு அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள். நோயாளி விவரம் மட்டும் போதாது. நரம்பின் மின் தூண்டல், ஆக்ஸிஜன் பிணைப்பு வளைகோடு போன்றவற்றைப் படம் வரைந்து, அடிப்படையிலிருந்தே கற்க வேண்டும். தேர்விலும் அவை நேரடியாக வரும்.

3. காரணத்தையும் விளைவையும் அம்புக்குறி போட்டு ஒரே பக்கத்தில் வரையுங்கள். எந்த அம்புக்கு "ஏன்" என்று சொல்ல முடியவில்லையோ, அதுவே நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

4. விவரத்தை மாற்றிப் பாருங்கள். அந்தப் பையனுக்கு நுரையீரலும் பழுதாகியிருந்தால்? நன்னிக்கு வயிற்றுப்போக்கும் வந்து, நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டே இருந்தால்? வாய்மொழித் தேர்வில் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான்.

5. நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒருவர் நோயாளியாக நடிக்கட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். சந்தேகத்தை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

6. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது உம்மாவுக்கு ஒரு நோயாளியைத் தமிழில் விளக்குங்கள். உம்மாவுக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பலன்: கருத்து தாய்மொழியில் தெளிவானபின் ஆங்கிலச் சொற்கள் அதன்மேல் எளிதாக உட்காரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டுப் பிள்ளையிடம் மாத்திரை எழுதித் தரச் சொல்லாதீர்கள். அவர்கள் இன்னும் மருத்துவர் ஆகவில்லை. அதற்குப் பதிலாக, "எனக்கு ஏன் இப்படி ஆகிறது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பொறுமையாகக் காது கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் அந்த அரை மணி நேரம் எந்த டியூஷனுக்கும் குறைந்ததல்ல.

உங்களுக்கு ஒரு பயிற்சி

ஐம்பத்தைந்து வயது சகோதரர். சர்க்கரை நோய்க்கு, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரமலானில் மருத்துவரைக் கேட்காமல் அதே மாத்திரையை அதே அளவில் சஹரில் போட்டுக்கொண்டு நோன்பு வைத்தார். மாலை நான்கு மணிக்குக் குப்பென்று வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேச்சு குழறுகிறது. ரத்தச் சர்க்கரை 52.

மூன்று கட்டங்களையும் நிரப்புங்கள். சில குறிப்புகள் தருகிறோம். நோன்பு வைக்கும் ஆரோக்கியமானவரின் கல்லீரல், சேமித்த குளுக்கோஸை மணிக்கு மணி விடுவித்துச் சர்க்கரையைச் சமமாக வைக்கிறது. இன்சுலின் தானாகக் குறைந்துகொள்கிறது. இந்தச் சகோதரருக்கு எது குறைய மறுத்தது? வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகிய மூன்றும் நோயா, உடலின் போராட்டமா? பேச்சுக் குழறல் மட்டும் ஏன் வேறு வகை? அவர் ரத்த அழுத்தத்துக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் எந்தக் குறி மறைந்துபோகும், எது மறையாது?

படிப்பவர் யாராக இருந்தாலும் இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே முறித்து இனிப்பு கொடுக்க வேண்டும். இஃப்தாருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று காத்திருக்கக் கூடாது. நினைவு இழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

விடை எழுதிய மாணவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கலாம். தெளிவான விளக்கத்தை அடுத்த இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.